மனை விற்பனை படுத்துக்கிடக்கும்போது வீட்டுக் கடன்: டெல்டாவில் வங்கி எங்கெல்லாம் இறுக்கும்?

வெட்டாறு:
ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தரும் கடனின் வட்டி) குறைந்தால் வீட்டுக் கடன் சுலபமாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வட்டி வேறு, தகுதி வேறு. சந்தை மந்தமானால் வட்டி இறங்கிக்கொண்டிருக்கும்போதே கடன் தொகையும் சேர்ந்து இறங்கும். கும்பகோணம் புறநகரில் கட்டி முடித்த ஒரு வீட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பேசிய விலை 40 லட்சம். விற்பனை ஓடிய காலத்தில் வேல்யூவர் (வங்கிக்காகச் சொத்தை மதிப்பிடுபவர்) 40-ஐயே எழுதுவார், வங்கி 80% தரும், 32 லட்சம். வாங்குபவர் கையிலிருந்து 8 லட்சம், பத்திரச் செலவு 9% (முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2) 3.60 லட்சம், மொத்தம் 11.60. மந்தத்தில் அதே வேல்யூவர் 34 என்று எழுதுகிறார். வங்கி 70%-க்கு இறங்குகிறது. கடன் 23.80 லட்சம்தான். விலையைக் குறைக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் கைக்காசு 16.20 லட்சம், பத்திரச் செலவு 3.60, மொத்தம் 19.80 லட்சம். வட்டி அரை சதவீதம் குறைந்து என்ன பயன்? அட்வான்ஸ் கொடுத்த பிறகு இந்த 8.20 லட்சத்துக்கு ஓடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வங்கி எந்தெந்த இடத்தில் இறுக்கும், அதற்கு முன்கூட்டி என்ன செய்யலாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கொள்ளிடக்கரை:
கணக்கு சரி. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். ரிசர்வ் வங்கி விதி 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90%, 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. "விதியிலேயே 90 இருக்கே, ஏன் 70 தர்றீங்க" என்று கிளையில் சண்டை போடுபவர்கள் உண்டு. அது உச்சவரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு தருவது என்பது அந்தந்த வங்கியின் கொள்கை, அதை ஊர்வாரியாகக்கூட மாற்றுவார்கள். பத்திரச் செலவை வீட்டு மதிப்போடு சேர்க்கவும் முடியாது. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு.

கடன் மதிப்பில் 80%-க்குள் இருந்தால் வங்கி அதற்கு வைக்க வேண்டிய மூலதனத்துக்கான இடர் எடை 35% (எடை கூடினால் மூலதனமும் கூடும்). 80-ஐத் தாண்டி 90 வரை போனால் 50%. அதனால் விலை சரியும் காலத்தில் 80-ஐ ஒட்டிய கடனை யாரும் விரும்ப மாட்டார்கள்.

வேல்யூவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்தது), சந்தை மதிப்பு, அவசர விற்பனை மதிப்பு என்று மூன்று தொகை இருக்கும். மூன்றாவது சாதாரணமாகச் சந்தை மதிப்பில் முக்கால் பங்கை ஒட்டி இருக்கும். நல்ல காலத்தில் மேலாளர் இரண்டாவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மந்தத்தில் மூன்றாவதையும் கடனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஏலத்துக்கு வந்தால் இந்தத் தொகையாவது தேறுமா என்பதுதான் அவருடைய கேள்வி. விலை பேசும் முன்பே அதே பகுதியில் கடைசியாகப் பதிவான கிரயங்கள் என்ன விலைக்குப் போயின என்று விசாரித்துவிட்டால் வேல்யூவர் என்ன எழுதுவார் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

ஆடுதுறை45:
சதவீதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சொத்தின் தரம். சம்பளம் நன்றாக இருந்தும் கடன் நிற்கிறது என்றால் பத்தில் பாதி பத்திரத்தில்தான் குறை இருக்கும். மந்தம் வந்தால் வங்கி முதலில் கேட்பது "இதை நாளைக்கு யார் வாங்குவார்" என்பதைத்தான். நம் பக்கத்துச் சொத்துகளில் அடிக்கடி தடுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

அடிமனை. மயிலாடுதுறை, திருவாரூர், குடந்தை என்று கோயிலையும் மடத்தையும் சுற்றி வளர்ந்த ஊர்களில் வீடு குடியிருப்பவருடையது, மண் கோயிலுடையது. தலைமுறை தலைமுறையாகப் பகுதி (கோயிலுக்குத் தரும் மனை வாடகை) கட்டி வந்த ரசீது கையில் இருக்கும். அறநிலையத்துறைச் சட்டம் 1959-இன் 34-ஆவது பிரிவுப்படி கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகை விடவோ ஆணையர் அனுமதி வேண்டும். பதிவுச் சட்டம் 22-ஏ வந்த பிறகு பதிவே ஆகாது. இதற்கு வீட்டுக் கடன் எந்தக் காலத்திலும் இல்லை. கட்டடத்தை மட்டும் எழுதித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நன்செய். இதில் உள்ள காரணம் பலருக்குத் தெரிவதில்லை. கடன் வாராமல் போனால் வங்கி சொத்தை எடுப்பது 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்கிறது. வருவாய்க் கணக்கில் நன்செய் என்றே இருக்கும் இடத்தில் மாடிவீடே கட்டியிருந்தாலும், கடன்பட்டவர் தீர்ப்பாயத்தில் "இது விவசாய நிலம்" என்று ஒரு மனு போடலாம். வழக்கில் வங்கி ஜெயிக்கலாம், ஆனால் ஆண்டுகள் போகும். அதனால்தான் நிலப்பயன் மாற்ற ஆணை கேட்கிறார்கள். நல்ல காலத்தில் வீட்டுவரி ரசீதைப் பார்த்து விட்டுவிடும் கிளைகூட மந்தத்தில் விடாது.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனை என்றால் 2017 வரன்முறை விதிகளில் முறைப்படுத்தியிருக்க வேண்டும். மனைப்பிரிவுக்குக் கிடைத்த ஆணை மட்டும் போதாது. உங்கள் மனை எண்ணுக்கான தனிமனை ஆணை, கட்டணம் கட்டிய ரசீது இரண்டும் வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்துக்கு மதிப்பில்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருந்தும் பைபாஸ் ஓரத்தில் பத்து வீடுகூட எழும்பாத நகர்களை மந்தத்தில் தள்ளி வைப்பார்கள். அக்கம்பக்கத்தில் மறுவிற்பனையே நடக்கவில்லை என்று வேல்யூவர் ஒரு வரி எழுதினாலே போதும்.

அளவு. பழைய தஞ்சை ஜில்லாப் பத்திரங்களில் மா, குழி என்று இருக்கும். ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, அதாவது ஏறக்குறைய 33 சென்ட். தாய்ப்பத்திரத்தில் 15 குழி என்றால் 2,160 சதுர அடி, பட்டாவில் 2 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) என்று வரும். இது பொருந்துகிறது. ஆனால் பாகப்பிரிவினையில் "சுமார் 15 குழி" என்று எழுதி, நான்கு மாலில் (எல்லையில்) ஒரு பக்கம் வாய்க்காலாக இருந்து, புலப்படத்தில் 1.7 ஏர்தான் என்றால் பேனல் வக்கீல் (வங்கிக்காகப் பத்திரம் பார்ப்பவர்) 1.7-க்குத்தான் ஒப்பீனியன் கொடுப்பார். மதிப்பும் அதற்கே. கூட்டுப்பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகே மனுப் போடுங்கள். சர்வேயர் வந்து அளந்து முடிய மாதங்கள் ஆகும், அதற்குள் சாங்ஷன் (கடன் ஒப்புதல்) காலாவதி ஆகிவிடும்.

குடந்தை, தஞ்சைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்ட அனுமதி வாங்க வேண்டும். அந்த எல்லையில் கட்டுமானக் கடன் கேட்டால் முதலில் அந்த அனுமதியைத்தான் கேட்பார்கள்.

மன்னைக்காரி:
ஆடுதுறை அண்ணே, வேளாண் மண்டலச் சட்டம் வந்ததால் டெல்டாவில் வீட்டுக் கடனே தர மாட்டார்கள் என்று ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்பில் பரப்பிக்கொண்டிருக்கிறார். உண்மையா?

ஆடுதுறை45:
இல்லைம்மா. 2020-இல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், துத்தநாக உருக்காலை, தோல் பதனிடுதல் மாதிரியான தொழில்களை. குடியிருப்பு வீடு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்குத் தடையாக நிற்பது நிலப்பயன் மாற்றமும் மனை அங்கீகாரமும்தான், அவை மாநிலம் முழுக்க இருக்கும் விதி.

அரசலாறு:
சொத்துப் பக்கம் சொல்லிவிட்டீர்கள், வருமானப் பக்கம் நான் எழுதுகிறேன். மாத வருமானம் 50,000. வங்கி அதில் 50% வரை தவணைக்கு அனுமதிக்கிறது என்றால் 25,000. வண்டிக் கடன், நகைக் கடன் என்று 6,000 ஏற்கெனவே போகிறது. மிச்சம் 19,000. 8.5% வட்டி, 20 ஆண்டு என்றால் லட்சத்துக்குத் தவணை 868 ரூபாய், ஆகக் கடன் 21.9 லட்சம் வரை. இப்போது வங்கி 50-ஐ 40 ஆக்கினால் மிச்சம் 14,000, கடன் 16.1 லட்சம். வயதையோ வேலையையோ காரணம் காட்டி 15 ஆண்டுக்குச் சுருக்கினால் லட்சத்துக்கு 985, கடன் 14.2 லட்சம். ஒருவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் தகுதி 7.7 லட்சம் விழுந்துவிடுகிறது. கூட்டல் கழித்தலை நீங்களே போட்டுப் பாருங்கள், எங்கே கடிக்கிறது என்று தெரியும்.

இதில் நம் கையில் இருப்பது அந்த 6,000. ஆறு ஏழு மாதத்தில் முடியும் வண்டிக் கடன் இருந்தால் மனுப் போடும் முன் முடித்துவிடுங்கள். விவசாய நகைக் கடனை முடித்து மறுநாளே திருப்பி வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். சிபிலில் (கடன் வரலாற்று அறிக்கையில்) ஒவ்வொன்றும் புதுக் கடனாக ஏறும். இலவச அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கோபத்தில் ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் மனுப் போடாதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும், பணத்துக்கு அலைகிறார் என்றே அதைப் படிப்பார்கள்.

விவசாயிகளுக்கு ஒன்று. நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் கணக்கில் வருகிறது. இரண்டு மூன்று வருடத்துக் குறுவை, சம்பா வரவு வங்கிப் புத்தகத்தில் தெரிந்தால் வருமான வரிக் கணக்கு இல்லாதவருக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. வியாபாரியிடம் களத்திலேயே ரொக்கத்துக்குக் கொடுத்தால் அந்த வருமானம் வங்கியின் கண்ணில் இல்லை. நிலமும் கணக்கும் அப்பா பெயரில் இருந்தால் அவரை இணை மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அப்போது கடன் காலம் அவர் வயதைப் பார்த்துச் சுருங்கலாம், அதையும் கணக்கில் எடுங்கள்.

சிங்கப்பூர், வளைகுடாச் சம்பளம் என்றால் வேலை ஒப்பந்தம் எத்தனை மாதம் பாக்கி என்று பார்ப்பார்கள். மந்தத்தில் இதுதான் முதலில் இறுகும். பணம் என்ஆர்ஈ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கு வழியாக வந்திருக்க வேண்டும். உண்டியலில் (ஹவாலா வழியில்) வந்ததைக் காட்ட முடியாது. பவர் பத்திரம் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வந்தால் இங்கே அலைச்சல் குறையும்.

வெட்டாறு:
அறுவடைக்கு அறுவடை பணம் வருபவருக்கு மாதத் தவணை எப்படி ஒத்துவரும்? சம்பா பணம் மாசியில் முடிந்தால் அடுத்தது குறுவை அறுப்பு வரை எதுவும் இல்லை.

அரசலாறு:
அதுதான் ஆபத்து. பயிர்க் கடனுக்கு வாராக்கடன் கணக்குப் பயிர்ப் பருவத்தை வைத்து. வீட்டுக் கடனுக்கு அப்படிக் கிடையாது, 90 நாள் நிலுவை என்றால் வாராக்கடன். பிறகு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ் வரும், அதற்கு 60 நாள் அவகாசம். மேட்டூர் ஜூன் 12-க்குத் திறக்காத வருடம் குறுவைப் பணமே வராது என்பதை வங்கி கணக்கில் எடுக்காது. ஆகவே ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனைக் கேளுங்கள். சம்பா பணத்தை அப்படியே கடன் கணக்கில் போட்டு வைத்தால் வட்டி குறையும், தவணையும் அதிலிருந்தே போகும், தேவைக்குத் திரும்ப எடுக்கலாம். வட்டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் தவணை பிடிக்கும் கணக்கில் ஆறு தவணைப் பணம் எப்போதும் கிடக்கட்டும்.

திருமலைராஜன்:
பெரிய படத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 2007-இல் நடந்த இறுக்கம் வேறு மாதிரி. அங்கே கடன் கொடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை, கட்டுக் கட்டாகப் பத்திரமாக்கி விற்றார். அந்தப் பத்திரங்களை வாங்க ஆளில்லை என்றதும் வருமானச் சான்று கேட்காமல் கொடுத்த கடன் வகைகளே சந்தையிலிருந்து மறைந்தன. நியூ செஞ்சுரி என்ற பெரிய நிறுவனம் 2007 ஏப்ரலில் திவால் மனுப் போட்டது. கடன்பட்டவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று சோதிப்பதைக் கட்டாயமாக்கிய விதி 2014 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் வங்கிகள் பெரும்பாலும் கடனைத் தம் கணக்கிலேயே வைத்துக்கொள்வதால் இங்கே கதவு திடீரென்று மூடாது, மார்ஜினும் (வாங்குபவர் போட வேண்டிய பங்கும்) ஆவணக் கேள்விகளும் கூடும்.

ஆனால் வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் விஷயத்தில் நாமும் அந்தக் காட்சியைக் கண்டோம். 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குப் பணம் தரும் பெரிய நிறுவனமான ஐஎல்&எஃப்எஸ் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியதும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது நின்றது. 2019 நவம்பரில் டிஎச்எஃப்எல் என்ற வீட்டுவசதி நிதி நிறுவனத்தின் நிர்வாகக் குழுவை ரிசர்வ் வங்கியே நீக்கியது. வீட்டு விலை விழாமலேயே வந்த இறுக்கம் அது. ஆக, நிதி நிறுவனத்தில் கட்டுமானக் கடன் எடுப்பவர், பாதிக் கட்டத்தில் பணம் தாமதமானால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

வங்கியின் மாறும் வட்டிக் கடன் 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். நிதி நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வட்டி ஏறும்போது உடனே ஏறும், இறங்கும்போது மெதுவாகத்தான் வரும்.

மன்னைக்காரி:
ஏற்கெனவே கடன் ஓடிக்கொண்டிருப்பவருக்கு? விலை விழுந்தது என்று வட்டியை ஏற்ற முடியுமா?

கொள்ளிடக்கரை:
வங்கிக் கடனில் முடியாது. ரெப்போவுக்கு மேலே வைக்கும் கடன் இடர் கூட்டலை, உங்கள் கடன் தகுதியே கணிசமாக மாறினால்தான் ஏற்றலாம். ஊரில் மனை விலை இறங்கியது உங்கள் தவறல்ல. கூடுதல் ஈடு கேட்கும் ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், தவணை தவறாதவரிடம் அதைக் காட்டுவது அரிது. அடிபடுவது டாப்அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) கேட்பவரும் வேறு வங்கிக்கு மாற்ற நினைப்பவரும்தான். இருவருக்கும் புது மதிப்பீடு போடுவார்கள். 34 லட்ச மதிப்பில் 28 லட்சம் பாக்கி என்றால் 82%, 70% வரம்பு வைத்த வங்கி எடுக்காது. அந்த நிலையில் இருக்கிற வங்கியிலேயே வட்டி வித்தியாசத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கேட்பது மேல். மாறும் வட்டிக் கடனில் தனிநபர் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது, கையில் வரும் பணத்தை அசலில் போடுங்கள்.

குடமுருட்டி:
கட்டுமானக் கடன் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. டெல்டாவில் பணம் தரையிலேயே போய்விடும். களிமண் நிலத்தில் சாதாரண அஸ்திவாரம் போதாது. பொறியாளர் அடியில் பருத்த பைல் போடச் சொல்வார், அல்லது தோண்டி மணல் நிரப்பி பெல்ட் கட்டச் சொல்வார். வங்கிக்குக் கொடுத்த எஸ்டிமேட்டில் 1,000 சதுர அடிக்கு, சதுர அடி 2,200 வீதம் 22 லட்சம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், அஸ்திவாரத்தில் கூடும் 2 லட்சத்துக்கு வழியில்லை. வங்கி நிலைக்கு நிலை பணம் விடும்: அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு. இறுக்கமான காலத்தில் உங்கள் பங்கு முழுவதும் மண்ணில் இறங்கிய பிறகே முதல் தவணையை விடுவார்கள். ஆகவே மண் பரிசோதனை செய்து, அஸ்திவாரத்தைத் தனித் தலைப்பாக எஸ்டிமேட்டில் காட்டுங்கள்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் கூரை கான்கிரீட் நிற்கும். 10 லட்சம் வாங்கியாகிவிட்டது, வட்டி 9% என்றால் வேலை நடக்காத மாதமும் 7,500 ரூபாய் முன்வட்டி (தவணை தொடங்கும் வரை கட்டும் வட்டி) போகும். தை பிறந்து அஸ்திவாரம் தொடங்கினால் மழைக்கு முன் கூரையை மூடிவிடலாம். சாங்ஷன் லெட்டர் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். முதல் தவணை வாங்காமல் அது காலாவதி ஆனால் பழைய சதவீதம் போச்சு, புதுக் கொள்கைப்படிதான் மறு சாங்ஷன்.

வெட்டாறு:
அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். கிரய ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

அரசலாறு:
முதலில், தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய அக்ரிமென்ட்டை மந்தத்தில் வங்கி ஏற்காது. அதில் மூன்று ஷரத்து இருக்கட்டும். இன்ன தொகைக்குக் குறையாத கடன் இத்தனை நாளில் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும் என்பது ஒன்று. பேனல் வக்கீல் சொல்லும் குறையை விற்பவர் தம் செலவில் தீர்க்க வேண்டும் என்பது இரண்டாவது. வங்கியின் தாமதத்தால் போகும் நாட்கள் ஒப்பந்தக் கெடுவில் சேராது என்பது மூன்றாவது. விற்பவர் முதல் ஷரத்துக்குத் தயங்குவார். மந்தத்தில் பேரம் பேசும் பலம் வாங்குபவரிடம் இருக்கிறது, கேளுங்கள். அட்வான்ஸில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கம் வேண்டாம், அது வருமான வரிச் சட்டப்படி தவறு, வங்கியும் உங்கள் பங்காக அதை எண்ணாது. விலை 50 லட்சம் தொட்டால் 1% டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடிக்கும் வரி) பிடித்துக் கட்ட வேண்டும்.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதி மிச்சத்தைக் கையில் கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும். வங்கி பத்திர விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் சதவீதம் போடும்.

மன்னைக்காரி:
மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாமா? வாய்வார்த்தையாக "மேலிடத்தில் வரலை" என்கிறார்கள்.

கொள்ளிடக்கரை:
கேட்க வேண்டும். கடன் மனுவை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி, தொகை வரம்பு கிடையாது. மனு கொடுக்கும்போதே ஒப்புதல் ரசீது வாங்கி வையுங்கள், அது இல்லாவிட்டால் மனுவே வரவில்லை என்பார்கள். காரணம் "சொத்து" என்று வந்தால் அதே பத்திரத்தோடு அடுத்த வங்கிக்குப் போவதில் பயனில்லை, குறையைத் தீர்த்துவிட்டுப் போங்கள். "வருமானம்" என்று வந்தால் இணை மனுதாரரைச் சேர்த்து அதே கிளையிலேயே மறுபடி கேட்கலாம். "மதிப்பீடு" என்று வந்தால் அந்தத் தாளை விற்பவரிடம் காட்டி விலை பேசுங்கள். 34 லட்சம் என்று வங்கியின் வேல்யூவரே எழுதிய பிறகு அடுத்து வருபவருக்கும் ஏறக்குறைய அதுதான் கிடைக்கும் என்பது விற்பவருக்கும் தெரியும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியையும் விசாரியுங்கள். அவற்றின் வீட்டுக் கடன் உச்சவரம்பு 2022 ஜூனில் உயர்ந்தது, நிகர மதிப்பைப் பொறுத்து 50 அல்லது 75 லட்சம் வரை.

வெட்டாறு:
நன்றி. 35 லட்சத்துக்குள் விலை படிந்தால் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0 வட்டி மானியத்துக்குள்ளும் வருமா?

கொள்ளிடக்கரை:
நகர்ப்புறப் பகுதியாக இருந்தால் வாய்ப்புண்டு. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் வேறெங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4% மானியம், மொத்தம் அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணையாக வரும். உங்கள் கணக்கில் கடன் 23.80 லட்சம், அது பொருந்துகிறது. விலையை 40-லிருந்து 35-க்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். அந்த இடம் மாநகராட்சி எல்லைக்குள்ளா, பக்கத்து ஊராட்சியா என்பதை வீட்டுவரி ரசீதில் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.